செவ்வாய்க் கிரகத்து இன்ஸ்பெக்டரும் பலாக்காட்டுச் செல்லமுத்துவும்

எனக்குக் கொல்லிமலை என்றால் பயம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் சேந்தமங்கலத்தில் சர்க்கார் சம்பளம் வாங்கிய யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மலையேறிப் போகிறவன் குளிர்காய்ச்சலோடு இறங்குவான், இல்லாவிட்டால் நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். எனக்கு முன்னால் அம்மை குத்தும் உத்தியோகத்தில் இருந்தவர் இரண்டாவது விதமாகத்தான் இறங்கினார். அவருடைய தகரப்பெட்டியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்கள். மூடியில் ஒட்டியிருந்த அவர் பெயரைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

ஆனால் இது என் கதை இல்லை. மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு ‘நாடு’; அப்படிக் குண்டனி நாட்டில் பலாக்காடு என்கிற சிற்றூரில் இருந்த செல்லமுத்துவின் கதை. அந்த நாளில் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினேன். உத்தியோகத் திமிர். இப்போது எழுத உட்கார்ந்தால் அப்படி எழுத வரவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய தை மாதம். செல்லமுத்துவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். சாமையும் கேழ்வரகும் போடுகிற மேட்டுக்காடு கொஞ்சம், ஏழெட்டுப் பலாமரம், மனைவி பெருமாயி, ஆறு வயது மகள் சின்னக்கண்ணு. ஊரில் எல்லோருக்கும் இருந்தது அவருக்கும் இருந்தது. ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தது: அவருக்கு எழுத்துத் தெரியும். இளவயதில் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர், கணக்கப்பிள்ளை வீட்டுக்கு மூன்று வருஷம் தண்ணீர் சுமந்து, அதற்குப் பதிலாக எழுத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்து ஏழு ஊருக்கும் படிக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

மலையில் காகிதம் என்றால் சர்க்கார் காகிதம். வேறு எதற்காகவும் காகிதம் அங்கே ஏறுவதில்லை. அது வந்தால் ஊர் முழுக்க நடுவிலுள்ள மந்தைவெளியில் கூடும். வாசிக்கிறவர் தலைத்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு, இடது கையில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வாசிக்க வேண்டும். காகிதத்தில் இல்லாததை வாசித்தால் அந்த மண் அவர் பிள்ளையைக் காவு கேட்கும் என்பது அவர்கள் கட்டு. எழுத்துத் தெரியாதவர்கள் எழுத்துத் தெரிந்தவனைக் கட்டிப்போட வேறு என்ன வழி? நம் கோர்ட்டுகளில் சத்தியம் செய்துவிட்டுப் புளுகுகிறவர்களைப் பார்த்தவன் நான். அந்த மண் எவ்வளவோ மேல்.

செல்லமுத்துவிடம் யாருக்கும் தெரியாத இன்னொரு பழக்கமும் இருந்தது. சேந்தமங்கலம் சந்தைக்கு ஆமணக்குக் கொட்டை கொண்டுவரும்போது, சாக்கு விரித்துப் புத்தகம் விற்பவரிடம் போய் ஒரே ஒருவருடைய பெயரைச் சொல்லிக் கேட்பார். பொடிமட்டை பூவராகன். இந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிக்கிற பண்டிதர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். நானும் பூவராகனுக்கு அடிமைதான். மாதத்துக்கு ஒரு மெல்லிய புத்தகமாக அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த நாவல் ‘செவ்வாய்க் கிரகத்து ரெவினியூ இன்ஸ்பெக்டர்’. அந்த மார்கழியில் முதல் மூன்று பாகங்கள் செல்லமுத்துவுக்குக் கிடைத்திருந்தன.

செவ்வாய்க் கிரகத்தில் ரயிலும் விளக்கும் அரிசி மில்லும் தும்மலில் ஓடுகின்றன. அங்குள்ளவர்களுக்கு மூக்கு அடைத்துப்போனதால் தும்மல் பஞ்சம் வந்துவிடுகிறது. பூமிக்குப் போய்த் தும்மலை ஜப்தி செய்து வர ஒரு ரெவினியூ இன்ஸ்பெக்டரை இரண்டு சேவகர்களோடு பித்தளை அண்டாவில் உட்காரவைத்து அனுப்புகிறார்கள். அண்டா விளக்கெண்ணெயில் ஓடுகிறது. இன்ஸ்பெக்டருக்கு மூன்று கண். ஒன்று எழுத, ஒன்று தூங்க, ஒன்று மேலதிகாரி வருகிறாரா என்று பார்க்க. கையில் தகரப்பெட்டி, அதற்குள் தும்மல் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்கள். வந்து இறங்கியவர் பழக்கதோஷத்தில் சங்கிலியை எடுத்து மனிதர்களின் நிழலை அளந்து வரி போடுகிறார். காலையில் நிழல் நீளம் என்பதால் வரி அதிகம். ஊரே உச்சிவேளைக்கு மட்டும் வெளியே வந்து, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்று, ஓட்டமாக வீட்டுக்குள் போய்விடுகிறது.

கேழ்வரகு முற்றியிருந்த சமயம். கிளி விரட்டுவதற்காகச் செல்லமுத்து பகலெல்லாம் பரண்மேல் உட்கார்ந்திருப்பார். மடியில் பூவராகன். நிழல் வரி வந்த பக்கத்தில் பரண் ஆடும்படி சிரித்ததாக அவரே பின்னால் என்னிடம் சொன்னார். கவண் எடுக்கவே வேண்டியதில்லை, கிளிகள் சிரிப்புச் சத்தத்திலேயே பறந்துவிட்டனவாம். ஒரு பக்கத்தைப் படிப்பார், சிரிப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே பக்கத்தை மறுபடி படிப்பார். தீர்ந்துவிடுமே என்கிற கவலையில் ஒரு நாளைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் போகமாட்டார்.

கீழே அக்கம்பக்கத்துக் காடுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பயந்துபோனார்கள். காகிதத்தைப் பார்த்து அழுத மனிதர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். சிரித்தவனைப் பார்த்ததில்லை. காட்டுக் காற்று அண்டிவிட்டது என்றார்கள் சிலர். மலைக்குக் கீழே உள்ள கீழ்நாட்டு ஆட்களோடு சேர்ந்துகொண்டான், நமக்கு என்னவோ வரப்போகிறது, அவனுக்கு மட்டும் தெரியும், அதனால் சிரிக்கிறான் என்றார்கள் மற்றவர்கள். பெருமாயி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஊர்க்கவுண்டர் கருப்பண்ணனிடம் போய், “பரண்மேல ஒத்தையில உக்காந்து சிரிக்கறாருங்க மாமா, எனக்குப் பயமா இருக்குதுங்க” என்று அழுதுவிட்டாள்.

கருப்பண்ணன் செல்லமுத்துவை மந்தைக்குக் கூப்பிட்டு, “அந்தக் காயிதத்துல என்ன இருக்குதுன்னு ஊருக்குப் படி” என்றார்.

இங்கேதான் அவருக்குச் சிக்கல். பத்து நாளுக்கு முன்னால்தான் வேறொரு காகிதம் வந்திருந்தது. பக்கத்து ஆலத்தூர் நாட்டில் பெரியம்மை இறங்கியிருக்கிறது, அம்மைப்பால் குத்த ஆள் வருவார், எல்லோரும் கை நீட்டவேண்டும் என்று. அம்மை குத்துவது என்றாலே அம்மனுக்கு ஆகாது என்று ஒதுங்குகிற ஊர் அது. ஆனாலும் ‘காயிதத்துல இருக்குது, செல்லமுத்து மண்ணை வெச்சுப் படிச்சிருக்கறான்’ என்கிற ஒரே காரணத்துக்காகத் தலையாட்டியிருந்தார்கள். இப்போது போய், ‘இது விளையாட்டுக்கு எழுதினது, அச்சுப் போட்ட காகிதத்திலும் பொய் இருக்கும்’ என்று சொன்னால்? அப்படியானால் அம்மைக் காகிதமும் பொய்தான் என்று கையை உதறிவிடுவார்கள். ஆலத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் பலாக்காட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். சின்னக்கண்ணு அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

செல்லமுத்து எந்த விளக்கமும் சொல்லாமல் மண்ணை அள்ளிக்கொண்டு வாசித்தார். எப்படியும் நிழல் வரி வரும்போது சிரித்துவிடுவார்கள், சிரித்தால் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சங்கிலியோடு ஒருவன் வந்து அளப்பான் என்பது அந்த ஊருக்கு வேடிக்கை இல்லை. அவர்களுடைய அப்பன்மார் காலத்தில் அப்படித்தான் வந்து அளந்து, எல்லைக்கல் நட்டு, பாதிக் காட்டைக் காட்டிலாகாவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிலத்தை எடுத்தவன் நிழலை எடுக்கமாட்டானா? வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கேட்டாராம்: “எந்த மாசம் வாராங்களாம், கண்ணு?”

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் ஆலத்தூர் நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தேன். அங்கே பார்த்ததை அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு வீட்டில் வேப்பிலை கட்டியிருந்தது, உள்ளே இருந்து குரலே வரவில்லை. ஏழு பேர் போய்விட்டார்கள். பெட்டியில் மீதியிருந்த அம்மைப்பால் இன்னும் மூன்று நாள்தான் தாங்கும். அதற்குமேல் அது வெறும் தண்ணீர். என்னோடு சேவகன் காளியண்ணனும் அரிசி மூட்டை சுமக்கிற ஓர் ஆளும் வந்தார்கள். முந்திய நாளிலிருந்து எனக்கு முதுகு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. குளிரா, காய்ச்சலா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஊருக்குள் போகும் தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் ஊரே நின்றது. ஆண்கள் கையில் கொடுவாள். பெண்கள் குழந்தைகளின் மூக்கைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பயங்கரமாக இருந்தது.

“நான் சர்க்கார் ஆள்!” என்று கத்தினேன். அதைவிட மோசமாக எதையும் கத்தியிருக்க முடியாது. கொடுவாள்கள் உயர்ந்தன. காளியண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான். அதற்குள் இருந்த கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுத்தன. அந்தச் சத்தம் கேட்டதும் முள்ளுக்கு அப்பால் ஒரு பெண் ‘வீல்’ என்று அலறினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முள்வேலிக்கு அருகில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்தி என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்க சாமி, நீங்க பொடிமட்டை பூவராகன் படிப்பீங்களா?”

என் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவன் கேட்கிற கேள்வியைப் பார் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் என் வாய் தானாகப் பதில் சொன்னது. “படிப்பேன். ஏன்?”

“இன்ஸ்பெக்டரு?”

“அஞ்சு பாகம் முடிச்சுட்டேன்.”

அந்த நிலையிலும் அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். “அஞ்சாவதும் வந்துருச்சுங்களா!” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஊர் எங்களை யாரென்று நினைக்கிறது என்பதை அவசரமாகச் சொன்னார். மூன்று பேர். தகரப்பெட்டி. கண்ணாடிக் குழாய். நான் திரும்பிக் காளியண்ணனைப் பார்த்தேன். ஐயோ என்றிருந்தது. பூவராகன் மட்டும் அங்கே கிடைத்திருந்தால் என் கையாலேயே அவர் கழுத்தை நெரித்திருப்பேன்.

“பொய்யின்னு சொல்லித் தொலையேன்” என்றேன்.

“சொன்னா, அம்மைக் காயிதமும் பொய்யாயிருமுங்க. ஒருத்தரும் கை நீட்டமாட்டாங்க. சொல்லலைன்னா, இப்பவே ஊர விட்டுட்டுக் காட்டுக்குள்ள போயிருவாங்க. மூட்டை கட்டியாச்சுங்க. அங்க போனா உங்க மருந்து எப்படிங்க வரும்?” அவர் ஒரு முறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவங்களும் கூடவே வாராங்க, சாமி. என்ற புள்ளையும்.”

எனக்கு ஒரு யோசனையும் தோன்றவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஓடிவிடலாம் என்பது ஒன்றுதான் தோன்றியது. செல்லமுத்து என் பெட்டியையே பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, மந்தைக்குப் போய், “மூணாவது காயிதம் பாதிதான் படிச்சேன். மீதியும் இருக்குதுங்க” என்றார்.

தலைத்துண்டை அவிழ்த்தார். மண்ணை அள்ளினார். வேலிக்கு இப்பால் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். இன்ஸ்பெக்டர் ஒரு சமையற்கட்டுக்குள் நுழைவார். அங்கே மிளகாய் வறுத்துக்கொண்டிருப்பார்கள். அவருக்கே எண்பத்துநாலு தும்மல் வரும். கடமை தவறாத சேவகர்கள் அத்தனையையும் ஜப்தி செய்து அவர் கையிலேயே நோட்டீஸ் கொடுப்பார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்த இடம்.

செல்லமுத்து வாசித்ததில் மிளகாயே வரவில்லை. “இடது கையில் இரண்டு தழும்பு உள்ளவர்களிடம் இன்ஸ்பெக்டர் நெருங்கக் கூடாது” என்று அவர் வாசித்தார். “நெருங்கினால் குழாய் வெடித்து அண்டா உடைந்துபோகும். ஆகையால் பூமியில் உள்ள சர்க்கார் அந்தத் தழும்பைப் போடுவதற்கு ஆள் அனுப்பியிருக்கிறது. அவர்களும் மூன்று பேராக, பெட்டியோடு வருவார்கள். ஆனால் அவர்களுக்குக் கண் இரண்டுதான்.”

கையில் மண்ணோடு அந்த மனிதர் பொய் வாசிக்கிறார். அது பொய் என்று அந்த மலையில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் குரல் அசங்கவில்லை.

கருப்பண்ணன் வேலிக்கு வந்தார். என் தலைப்பாகையை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் என் நெற்றியை அழுத்தித் தடவிப் பார்த்தார். மற்ற இருவர் நெற்றியையும் பார்த்தார். மூன்றாவது கண் இல்லை என்பது ஊர்ஜிதமாயிற்று. ஆனால் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

“உங்களுக்குந்தான் எழுத்து தெரியுமே, சாமி” என்றார். “அதே காயிதத்த நீங்களும் படிங்க. கேப்போம்.”

புத்தகத்தை என் வலது கையிலும் ஒரு பிடி மண்ணை இடது கையிலும் வைத்தார்கள். எனக்கு அப்போது சேந்தமங்கலத்தில் நான்கு மாதக் குழந்தை இருந்தது. நான் படித்தவன், வைத்தியம் தெரிந்தவன், இதையெல்லாம் நம்பாதவன். அந்த மண் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. என் குழந்தையின் முகம் வந்து முன்னால் நின்றது. எதிரில் மிளகாய் வறுக்கிற பக்கம் அச்சடித்துக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே தழும்பு, குழாய், அண்டா என்று வாசித்தேன்.

“எந்தக் கையின்னு போட்டிருக்குது?” என்று கருப்பண்ணன் குறுக்கே கேட்டார்.

நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டிருந்தேன். செல்லமுத்து என்ன சொன்னார் என்பது அந்தக் கணத்தில் எனக்கு நினைவில்லை. ஆனால் நாங்கள் எப்போதும் குத்துவது இடது கையில்தான். வேலைப் பழக்கத்தில் “இடது கை” என்று வந்துவிட்டது. காப்பித் தோட்டத்தில் செல்லமுத்துவுக்கும் அந்தக் கையில்தான் குத்தியிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. கருப்பண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முள்ளை இழுக்கச் சொன்னார்.

முதலில் சின்னக்கண்ணுவைத் தூக்கி வந்து என் முன்னால் உட்காரவைத்தார் செல்லமுத்து. குத்தும்போது அவள் அழவில்லை. “என்ற மூக்கப் புடிக்கமாட்டீங்களே?” என்று மட்டும் கேட்டாள். சாயங்காலத்துக்குள் நூற்றுப்பதின்மூன்று பேருக்குக் குத்தினேன். என் உத்தியோகத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குத்தின இடம் பழுத்திருக்கிறதா என்று பார்க்க எட்டாம் நாள் மறுபடி ஏறினேன். ஊரில் பாதிப் பேருக்குக் கை வீங்கி, லேசாக உடம்பு காய்ந்தது. அது சகஜம், குத்தினது பிடித்துக்கொண்டதற்கு அடையாளம். சின்னக்கண்ணுவுக்கு மட்டும் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்கவில்லை. குத்தினதால் வந்த காய்ச்சலா, நான் குத்துவதற்கு முன்பே பெரியம்மை அவள் உடம்பில் புகுந்துவிட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாது என்பதையும் அவர்களிடம் சொல்லவில்லை.

பெருமாயி குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்: “மண்ண வெச்சுக்கிட்டுப் பொய்யாப் படிச்சியா?”

செல்லமுத்து குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார்.

“பரண் மேல அந்தக் காயிதத்த நீ எப்படிப் படிப்பேன்னு நான் பாத்திருக்கறேன். உனக்குச் சிரிப்பு அடங்காது. மந்தையில மொத நாளு படிக்கறப்பக்கூட உன்ற வாயி துடிச்சுது. ரெண்டாவது நாளு துடிக்கல. காயிதத்துல இருந்ததப் படிச்சிருந்தா நீ சிரிச்சிருப்பே.”

ஊர் முழுக்க, கருப்பண்ணன் உட்பட, யாரும் கண்டுபிடிக்காததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். செல்லமுத்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, “எடுத்துக்கறதுன்னா என்னைய எடுத்துக்கட்டும்” என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து பலாமரத்தடியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ. உடனே இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும் போல இருந்தது, இவளை விட்டுவிட்டுப் போகவும் கால் வரவில்லை.

இரண்டு நாள் அப்படி இருந்தோம். உடம்பில் எங்காவது அம்மை முத்துப் போடுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் சின்னக்கண்ணுவுக்கு வியர்த்தது. மத்தியானம் எழுந்து உட்கார்ந்து கேழ்வரகுக் களி கேட்டாள். அவள் கையில் குத்தின இடத்தில் இரண்டு பொருக்குகள் அழகாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேறெங்கும் ஒன்றும் இல்லை. நான் அழுதேன். காளியண்ணன் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிள்ளை பிழைத்ததும் செல்லமுத்து நேரே மந்தைக்குப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். “குத்தியாச்சு, கேள்வி கேட்க ஆளில்லை, சும்மா இரு” என்றேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “மண்ணு எம்புள்ளைய விட்டுக் குடுத்திருக்குதுங்க, சாமி. இன்னும் மறைச்சா அது நாயமில்லீங்க” என்றார். ஊரைக் கூட்டி, தான் வாசித்தது காகிதத்தில் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அரைநாள் பேசினார்கள். கல்யாணத்துக்குப் போய்வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு அதற்குள் அம்மை போட்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை. அவரைத் தொட்டவர்கள், பக்கத்தில் படுத்தவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இதை நான் எழுந்து நின்று சொன்னேன். கருப்பண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “ஊரு பொழைச்சது நம்ம கோயில் பெரியசாமி செயலுங்க. பொய் படிச்சது செல்லமுத்து செயலு” என்றார். தீர்ப்பும் சொன்னார்: “இன்னியிலிருந்து இவனுக்கு எழுத்து தெரியாது. யாரும் இவன் கையில காயிதம் குடுக்கப்படாது.”

“நானும்தானே வாசித்தேன்?” என்று கேட்டேன்.

“நீங்க கீழ்நாட்டு ஆளு. இந்த மண்ணு உங்களக் கட்டுப்படுத்தாதுங்க” என்றார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது. என் குழந்தை சௌக்கியமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம் சேந்தமங்கலம் சந்தையில் செல்லமுத்துவைப் பார்த்தேன். ஓடிப்போய் வீட்டிலிருந்து இன்ஸ்பெக்டரின் நான்காம் பாகம் முதல் எட்டாம் பாகம் வரை மீதி ஐந்தையும் எடுத்துவந்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“எனக்கு எழுத்து தெரியாதுங்களே, சாமி.”

“இங்கே யார் பார்க்கிறார்கள்?”

“அப்படிச் சொல்லிப்போட்டாங்களே” என்றார். பிறகு புத்தகங்களின் அட்டையைப் பார்த்துக்கொண்டே, “கடைசியில அந்த இன்ஸ்பெக்டரு என்னதான் ஆனானுங்க?” என்று கேட்டார்.

வண்டிப்பேட்டைச் சுவரோரமாக உட்கார்ந்து கதையை வாயாலேயே சொன்னேன். அண்டாவுக்கு விளக்கெண்ணெய் தீர்ந்துபோய் இன்ஸ்பெக்டர் பூமியிலேயே தங்கிவிடுகிறார், ஒரு விதவைக்கு மாடு மேய்க்கிறார், மாட்டுக்கு நிழல் வரி உண்டா என்று மாட்டிடமே மனு எழுதிக் கேட்கிறார். செல்லமுத்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார். திடீரென்று நிறுத்திக்கொண்டு, பின்னால் திரும்பி, தன் ஊர்க்காரர்கள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“போன மாசம் எங்க ஊருக்கு ஒரு காயிதம் வந்துச்சுங்க” என்றார். “காட்டிலாகா ஆளு குடுத்துட்டுப் போனான். படிக்க ஆளில்லைன்னு பெரியசாமி கோயில்ல கல்லு வெச்சு மூடியிருக்குதுங்க.”

“என்னவாம்?”

அவர் தரையைப் பார்த்தார். “கோயிலுக்குப் போனப்ப கல்லு நகந்து, காத்துல விரிஞ்சு கெடந்துச்சுங்க. கண்ணு தானாப் படிச்சுருச்சு. எல்லைக்கல்ல மறுபடி நகத்தறாங்க. எங்க கேழ்வரகுக் காடு பூராவும் போகுது. மறுப்புச் சொல்றதுன்னா மாசி முடியறதுக்குள்ள தாலுகாக் கச்சேரியில சொல்லோணுமாம்.”

“ஊரில் சொன்னாயா?”

“நான் சொன்னா யாருங்க நம்புவாங்க?”

மாசி முடிய ஆறு நாள் இருந்தது. நான் மேலே போய்ச் சொன்னால் என்னை மட்டும் நம்புவார்களா? நானும் அதே மண்ணைப் பிடித்து அதே பொய்யை வாசித்தவன். கடைக்குப் போய்க் காகிதமும் பேனாவும் வாங்கி வந்தேன். பலாக்காட்டுக் குடிகளின் ஆட்சேபணை என்று தலைப்பிட்டு, அவர் சொல்லச் சொல்ல ஓடை, பாறை, மரம், யார் யார் காடு என்று எல்லாவற்றையும் எழுதினேன். நான் ஓர் இடத்தில் எழுத்தை விட்டுவிட்டபோது அவர் விரல் தன்னை மறந்து அந்த இடத்துக்குப் போய், தொடாமல் திரும்பிவிட்டது.

எழுதி முடித்ததும் பேனாவை அவரிடம் நீட்டினேன். “அடியில் கையெழுத்துப் போடு. ஒரு குடியானவன் கையெழுத்து இருந்தாலும் விசாரிக்காமல் தள்ள முடியாது” என்றேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டைவிரலை நீட்டி, “மை தடவுங்க, சாமி” என்றார்.